மகனைக் காட்டப் போனேன், மகளைப் பார்த்தார்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத் தொடக்கத்தில் நடந்தது இது. திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் தெருக்கோடியில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

நானும் என் வீட்டுக்காரரும் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். வாடகை வீடு. முன் அறைதான் கடை. அவர் காலையில் மொபெட்டில் மாவு வாளிகளைக் கட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் பக்கமுள்ள டிபன் கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு வருவார். நான் வீட்டில் கிரைண்டரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வேன். மூத்தவன் பையன், அப்போது நாலரை வயது. அடுத்தது பெண், இரண்டரை.

பையனை நினைத்தாலே எனக்குப் பயம். பேச்சு தெளிவாக வரவில்லை. அவன் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும், சில சமயம் எனக்கும் புரியாது. புரியாவிட்டால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவான், கடிப்பான். அங்கன்வாடி டீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வர்ற வாரம் டாக்டருங்க வண்டி வருது. மறக்காம இவன காட்டிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவனிடம் ஏதோ குறை இருக்கிறது என்பதை நான் மனதுக்குள் எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தேன்.

பெண்ணைப் பற்றி அப்படி ஒரு கவலையும் இல்லை. கிரைண்டர் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்தால் போதும். உருளை சுற்றுவதைப் பார்த்தபடி அரிசி அரைபட்டு முடியும்வரை அப்படியே இருப்பாள். அழ மாட்டாள், தூக்கச் சொல்ல மாட்டாள். மாவு வாங்க வருகிறவர்கள், "இன்னா தவம் பண்ணியோ, இப்படி ஒரு பொண்ணு பொறந்திருக்கு" என்பார்கள். அதுமட்டுமில்லை, அண்ணனுக்கு வராத பேச்சு அவளுக்கு அவ்வளவு சுத்தமாக வரும். "அரை கிலோ போதுமா? சில்லறை இல்லீங்களா?" என்று என் குரலிலேயே, என் இழுப்பிலேயே சொல்வாள். அதைக் கேட்பதற்கென்றே சிலர் கடைவாசலில் நின்று பேச்சுக் கொடுப்பார்கள்.

அங்கன்வாடியில் டாக்டர்கள் முகாம் நடந்த அன்று காலை வீட்டுக்காரர் மாவு போடப் போயிருந்தார். பெண்ணை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

சின்ன அறையில் ஏகப்பட்ட பிள்ளைகள். பையன் போனதுமே ஒரு ஸ்டூலைக் கவிழ்த்தான். டாக்டரம்மா அவனை மடியில் இழுத்துப் பிடித்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்தார். மெதுவாகக் கூப்பிட்டும் பார்த்தார்.

"காதுக்குள்ள நீர் கோத்திருக்கும்மா. அடிக்கடி சளி புடிக்குமா இவனுக்கு?"

"எப்பவுமே மூக்கு ஒழுகிக்கினேதான் இருக்கும் மேடம்."

"சரியா காது கேக்கல, அதான் பேச்சும் வரல, கோவமும் வருது. ஜிஎச்சுக்கு கூட்டிட்டு வாங்க. சரி பண்ணிடலாம்."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போலிருந்தது. கூடவே, எங்கள் கிரைண்டர் சத்தத்தால்தான் காது போயிற்றோ என்று ஒரு பயம். கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா, சளிதான்" என்று சிரித்தார். சரி, கிளம்பலாம் என்று பெண்ணைத் தேடினேன்.

அவள் ஓர் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், டாக்டர் குழுவோடு வந்திருந்த இளம் பெண் ஒருத்தி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கல்யாணம்கூட ஆகியிருக்காது என்று தோன்றும் வயது.

"பாப்பா பேரு என்னக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கூப்பிட்டாள். என் மகள் திரும்பவில்லை. "நீங்க கூப்டுங்கக்கா" என்றாள். நான் கூப்பிட்டேன். அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவுக் கடை வச்சிருக்கோம்மா. கிரைண்டர் சத்தத்துல சும்மா சும்மா கூப்ட்டா அவ கண்டுக்க மாட்டா."

"எதாச்சும் வேணும்னா எப்டிக்கா கேப்பா?"

"கேக்கவே மாட்டா. என் கைய புடிச்சி இஸ்துகினு போவா. டப்பா மேல என் கைய வச்சிடுவா. அவ்ளோ அறிவு!"

"கை நீட்டி, அதோ பாருன்னு எதையாச்சும் காட்டுவாளா?"

யோசித்தேன். "காட்ட மாட்டா. அவ பாத்துக்குவா."

"மத்த பசங்களோட வெளையாடுவாளா?"

"யார் வம்புக்கும் போக மாட்டா. தனியாவே இருப்பா. அண்ணங்காரன் மாதிரி கெடையாது."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் ஒவ்வொன்றாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்து, என் பிள்ளையின் சமர்த்தைப் பற்றி அவ்வளவு விவரமாக அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. ஆனால் நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், "அக்கா, தம்பிக்கு காது பாக்க வரும்போது பாப்பாவையும் அங்கயே இருக்கிற நம்ம பிள்ளைங்க மையத்துக்குக் கூட்டிட்டு வாங்க. ஆட்டிசம் இருக்குதான்னு ஒரு தடவ பாத்துடலாம்" என்றாள்.

அந்த வார்த்தையை டிவியில் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அவள் ஆள் மாறிப் பேசுகிறாள் என்று நான் உண்மையாகவே நினைத்தேன்.

"மாத்திச் சொல்றீங்கம்மா. பேச்சு வராதது பையனுக்கு. இவ நல்லா பேசுவா."

"இல்லக்கா, பாப்பாவத்தான் சொல்றேன்" என்றாள் மெதுவாக.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. குறையோடு பிறந்துவிட்டானோ என்று பயந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம். கடவுள் கொடுத்த வரம் என்று இருந்த பிள்ளையைக் கூட்டி வா என்கிறார்கள். இதில் எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது என்றே தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கூட்டத்துல சீட்டு மாறியிருக்கும். வுடு." கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவிடம் போனில் சொன்னேன். "பொம்பளப் புள்ள அடக்கமா இருந்தா அதுக்கு ஒரு நோவு பேரு வப்பாங்களா? வர்றவங்க நாலு பேர புடிச்சிக் கணக்கு காட்டணும்ல" என்றார் அந்த அண்ணி. எதிர்வீட்டில், "செல்போனு குடுக்காதீங்க, எல்லாம் சரியாப் போய்டும்" என்றார்கள். நாங்கள் அவளுக்குப் போனே கொடுத்ததில்லை.

மனசு கேட்காமல் டவுனில் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் அவளைக் காட்டினேன். பொறுமையான மனிதர். அவளிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் அவரைப் பார்க்காமல், மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டே, "அரை கிலோ போதுமா?" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இவ்ளோ தெளிவா பேசுறா. எடை நல்லா இருக்கு. மூணு வயசு முடியட்டும், பாத்துக்கலாம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சில நிமிடங்களில் யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானே அப்படி ஒருவர் சொல்ல மாட்டாரா என்றுதான் போயிருந்தேன்.

பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார்கள், திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். சளி குறையக் குறைய அவன் ஆளே மாறிப்போனான். "அம்மா, மழ சத்தம் கேக்குது" என்று ஒரு நாள் ஓடிவந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் மையத்தின் கதவைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பேன். அந்தப் பெண் இரண்டு மூன்று முறை போன் செய்தாள். "வரேம்மா, கடைல வேல ஜாஸ்தி" என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் ரோடு முழுக்க வண்டியும் ஜனமுமாக இருக்கும். கிரிவலம் போகிறவர்களுக்காக டிபன் கடைகள் எல்லாம் கூடுதலாக மாவு கேட்கும். சாயங்காலம் கடையில் ஒரே நெரிசல். பெண் வழக்கம்போல் கிரைண்டர் பக்கத்தில் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மாவு அள்ளிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பாய் காலியாக இருக்கிறது. உள்ளே ஓடினேன், பின்பக்கம் ஓடினேன். "பாப்பாவப் பாத்தீங்களா" என்று கத்தினேன். யாருக்கும் தெரியவில்லை. அவள் எப்போதும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்பதால் யாருடைய கண்ணும் அவள் மேல் இல்லை.

நான் தெருமுனைக்கு ஓடியபோது என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். சட்டை முழுக்க மண். முழங்கையில் ரத்தம். மொபெட்டைக் காணவில்லை.

காற்றாடி விற்கிறவர் ஒருவர், நீளக் கழியில் கலர் கலராகச் செருகிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போயிருக்கிறார். அவை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் இவளும் நடந்து மெயின் ரோடுக்கே போய்விட்டாள். மாவு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இவர் கண்ணில் பட்டிருக்கிறாள். காற்றாடிக்காரர் ரோட்டைக் கடக்க, இவளும் இறங்கியிருக்கிறாள். இவர் மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு, பேர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். அவள் திரும்பவே இல்லை. இவர் பாய்ந்து அவளை இழுத்துக்கொண்டு ரோட்டில் விழ, வேன் ஒன்று பிரேக் அடித்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறது. டிரைவர் கீழே குதித்து, "கொழந்தைக்குக் காது கேக்காதாய்யா? கைல புடிக்கிறதில்ல?" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. கடையைச் சாத்தியபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் எதுவுமே நடக்காதது போல் மொபெட்டிலிருந்து உடைந்து விழுந்த கண்ணாடியின் பிளாஸ்டிக் வளையத்தைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"காது நல்லாதான் கேக்குது அவளுக்கு," என்றார். "கடைல யாரோ முணுமுணுக்கிறதக் கூட அப்படியே திருப்பிச் சொல்றா. அப்போ நான் கத்துனது அவளுக்கு இன்னாவா கேட்டிருக்கும்?"

அவர் என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். உருண்டு வந்த வளையத்தை அவளிடமே தள்ளிவிட்டு, "அந்தப் பொண்ணு நம்பரு இருக்குதா உங்கிட்ட?" என்றார்.

அந்த வாரமே நாங்கள் இருவரும் கடையைப் பூட்டிவிட்டு மையத்துக்குப் போனோம். சுவரில் பொம்மைப் படங்கள், தரையில் விரிப்பு, பந்து, மணி, அடுக்குகிற வளையங்கள். ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. அந்தப் பெண், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோப்பு நுரைக் குமிழிகளை ஊதினாள். என் மகள் குமிழிகளைப் பார்த்துக் குதித்தாள். ஆனால் ஊதுகிறவளின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு குழந்தை அப்படிப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டரும் வந்து வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். நிறையக் கேட்டார்.

கடைசியில் என் வீட்டுக்காரர் கேட்டார். "இருக்குதா, இல்லையா மேடம்? ரெண்டுல ஒண்ண சொல்லிடுங்க."

"இப்ப ரெண்டுல எதையும் உறுதியா சொல்ல முடியலங்க" என்றார் டாக்டர். "சிலது இருக்கு. சிலதுல சந்தேகமா இருக்கு. கொஞ்ச மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம். ஆனா பயிற்சிய இன்னிக்கே ஆரம்பிச்சிடணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் எழுந்துபோன பிறகு அந்தப் பெண்ணிடம், "இன்னா நோவுன்னே தெரியாம வைத்தியம் மட்டும் எப்படிம்மா? இதுக்கா கடைய மூடிட்டு வந்தோம்? அன்னிக்கு அவ்ளோ நிச்சயமா சொன்னியே" என்றார்.

அந்தப் பெண் முகம் சிவந்துபோனாள். விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நிச்சயமால்லாம் இல்லண்ணா. நான் இந்த வேலைக்கே புதுசு. இந்த வருஷம்தான் எங்களுக்கு டிரெய்னிங் குடுத்தாங்க. நாங்க ஃபீல்டுல பாக்க ஆரம்பிச்சு உங்க பாப்பா நாலாவதோ அஞ்சாவதோ. அன்னிக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வரல, ஒரு அம்மாவ வீணா பயமுறுத்திட்டோமோன்னு. நான் சொன்னது தப்பா இருந்தா என்ன விட சந்தோஷப்படுறவங்க யாரும் இருக்க மாட்டாங்கண்ணா. ஆனா சரியா இருந்து, நான் சொல்லாம விட்டிருந்தா?"

அன்றைக்கு முன்புவரை எங்களிடம் பேசிய எல்லோரும் ஒரு பக்கம் நிச்சயமாகவே பேசினார்கள். எனக்கும் பயமாக இருந்தது, தப்பாகக்கூட இருக்கலாம் என்று சொன்னது இவள் ஒருத்திதான். ஏனோ அதனாலேயே எனக்கு இவளை நம்பத் தோன்றியது.

பயிற்சி என்றால் மாத்திரையோ மெஷினோ என்று நினைத்திருந்தேன். விளையாட்டாம். அவள் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும். அவளுக்குப் பிடித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவளாகப் பார்க்கும்வரை, ஒரு சத்தமாவது கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். "வீட்ல அவளுக்கு ரொம்பப் புடிச்சது என்னக்கா?" என்று கேட்டாள். நானும் அவரும் ஒரே நேரத்தில், "கிரைண்டரு" என்றோம்.

அப்படியாக எங்கள் மாவுக் கடையில் புதுக் கூத்து ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு அவள் எதிரில் உட்காருவார். ஒரு கை சுவிட்சில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டரை நிறுத்துவார். அவள் முகத்தையே பார்ப்பார். அவள் இவரை ஏறெடுத்தால் உடனே, "போடு!" என்று சொல்லிப் போடுவார். வாங்க வந்தவர்கள் தூக்குப் பாத்திரத்தோடு நின்று, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்ப்பார்கள்.

ஆனால் முதல் சில வாரங்கள் நரகம். நிறுத்தியதும் அவள் வீறிட்டு அழுவாள். தலையைத் தரையில் முட்டுவாள். அவள் பிறந்ததிலிருந்து அவளுடைய அழுகைச் சத்தமே கேட்காத வீடு அது. பார்க்க வந்த அண்ணி வாசலிலேயே நின்று, "சும்மா சாமி மாதிரி இருந்த புள்ளைய இப்படி ஆக்கி வச்சிட்டீங்களே. இதுக்குப் பேருதான் வைத்தியமா?" என்று கண் கலங்கினார். எனக்கும் அதே சந்தேகம். நல்லா இருந்தவளை நாமே கெடுக்கிறோமோ? அமைதியாக இருந்தது நோய், அழுவது குணம் என்றால் அதை எந்தத் தாய் நம்புவாள்?

மையத்தில் போய் அழாத குறையாகச் சொன்னேன். அந்தப் பெண்ணும் திகைத்துப்போனாள். உடனே அவளுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்ளோ நேரம் காக்க வைக்காதீங்க. லேசா பார்த்தாலே போதும், போட்டுடுங்க. தலைய முட்டுற அளவுக்குப் போகவே விடக்கூடாது" என்றார். போனை வைத்ததும் அந்தப் பெண், "சாரிக்கா, இத நான்தான் சரியா சொல்லித் தரல" என்றாள். அவளும் எங்களோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அழுகை கம்மியானது. முன்னேற்றம் என்று ஒன்று தெரிகிறதா என்று கேட்டால், ஒரு நாள் தெரியும், மறுநாள் காணாமல் போகும். ஒரு வாரம் பேர் சொன்னால் திரும்புவாள். அடுத்த வாரம் மரம்போல் இருப்பாள். பையன் மட்டும் சளைக்காமல் அவள் முன்னால் போய் உட்கார்ந்து, "பாப்பா, என்ன பாரு, என்ன பாரு" என்று குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருப்பான். காது திறந்த பிறகு அவன் வாய் மூடவே இல்லை.

அடுத்த ஆடி மாதம் பெரிய டாக்டர்கள் சிலர் மையத்துக்கு வந்திருந்தார்கள். திரும்பவும் முழுசாகப் பார்த்தார்கள். ஆட்டிசம்தான் என்று சொன்னார்கள். அவள் பேசுவதாக நாங்கள் நினைத்திருந்தது, காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் என்று விளக்கினார்கள். இடிந்துபோவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஏதோ அடுத்த வீட்டு விஷயம்போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர்தான் கேட்டார். "சரிங்க சார். இனிமே நாங்க இன்னா பண்ணணும்?"

"இவ்ளோ நாளா என்ன பண்ணீங்களோ, அதத்தான்" என்றார் அந்த டாக்டர். "நல்ல வேளை, முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க."

பேருந்தில் வரும்போது இவர் திடீரென்று, "அப்போ அந்தப் பேரு தெரிஞ்சும் ஒண்ணும் மாறல?" என்றார். "மாறல" என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதற்கு என்று தெரியாமல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகையும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குச் சில நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் காலடியில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. மலை அடிவாரத்து ஊர், குரங்குக்குப் பஞ்சமில்லை. நான் கண்டுகொள்ளவில்லை. ஏதோ தோன்றிக் கீழே பார்த்தால், அவள் எழுந்து நின்றுகொண்டிருக்கிறாள். கை நீண்டிருக்கிறது. ஒற்றை விரல் டேங்கைக் காட்டுகிறது. விரல் அங்கே இருக்க, முகம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் பார்த்தேனா என்று பார்க்கிறாள்.

அந்தக் குரங்கு அவளுக்கு வேண்டியதில்லை. எடுத்துத் தரச் சொல்லிக் காட்டவில்லை. நானும் பார்க்க வேண்டும் என்று காட்டினாள். அவ்வளவுதான்.

"பாத்தேன்டி தங்கம், பாத்தேன்" என்று கையிலிருந்த ஈரத் துணியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரி பையன் எத்தனை ஆயிரம் முறை காட்டியிருப்பான்! காக்கா, லாரி, நிலா என்று. "சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறேன். குரங்கு போன பிறகும் அவள் டேங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே மையத்துப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். "திரும்பிப் பாத்தாளாக்கா? உங்க மூஞ்சிய?" என்று கேட்டாள். "பாத்தா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

இப்போது அவளுக்கு ஐந்தரை வயது. பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். வாரத்தில் சில நாள் சிறப்பு ஆசிரியை வந்து பார்க்கிறார். சொந்தமாகச் சில வார்த்தைகள் பேசுகிறாள். சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் ஏன் அழுகிறாள் என்றே தெரியாமல் எல்லோருமாக உட்கார்ந்திருக்கிறோம். பெரியவளாகி எப்படி இருப்பாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டர்களும் தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். மையத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு ஆரணிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்திருப்பவரும் நன்றாகவே பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மாதிரிப் பயிற்சியை இப்போது அங்கன்வாடி டீச்சர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்களாம்.

சில சமயம் யோசித்துப் பார்ப்பேன். அந்தக் காலையில் வீட்டுக்காரர் வீட்டில் இருந்திருந்தால் மகளை அவரிடம் விட்டுவிட்டு மகனை மட்டும்தான் கூட்டிப்போயிருப்பேன். அந்தப் பெண் கண்ணில் அவள் பட்டிருக்கவே மாட்டாள். மாவு வாங்க வரும் இளம் தாய்மார்கள் யாராவது, "எங்க கொழந்தைய டெஸ்ட்டுக்குக் கூட்டினு வரச் சொல்றாங்க, ஒண்ணும் புரியலக்கா" என்று சொன்னால், எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்வேன்: எனக்கும் அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை, இன்றைக்கும் பாதி புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்த பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் நாங்கள் இன்னும் கிளம்பியே இருக்க மாட்டோம்.